ஓவியப் பாடவேளை: எதைக் கற்பிப்பது, எதற்கு மதிப்பெண் இடுவது

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தும் "ஒரு படம் வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், கால்மணி நேரத்தில் பாதி வகுப்புக்கு மேல் ஒரே படத்தைத்தான் வரைந்திருக்கும். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் குடிசை, குடிசைமேல் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். மலையே கண்ணில் படாத திருவாரூர்ப் பிள்ளையும் அதே மலையைத்தான் வரைகிறது. அந்தப் படம் அழகாக இருக்கலாம். கோடு சுத்தமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை எதைப் பார்த்தது, எதைத் தேர்ந்தது, எங்கே தடுமாறியது என்பது எதுவும் அதில் இல்லை. அதற்குப் பத்துக்கு எட்டு என்று இடும் மதிப்பெண், யாரோ எப்போதோ கண்டுபிடித்த படத்துக்கு இடும் மதிப்பெண்ணாகவே இருக்கும்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம் கற்பிப்பவர்களுக்காகவும், ஓவியப் பயிற்சி இல்லாமலே அந்தப் பாடவேளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வகுப்பாசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், எதிரே 45 பிள்ளைகள், பெரும்பாலோரிடம் ஒரு பென்சிலும் ஒரு கிரேயான் பெட்டியும் என்ற நிலையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் ஒரு தொடக்கப் படம்

ஆண்டின் முதல் பாடவேளையில் எதையும் கற்பிக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் புத்தகப்பையை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்து இருபது நிமிடம் வரையட்டும். செருப்பு இதைவிட நல்ல பொருள்தான். வார், தேய்ந்த குதிகால், மடிப்பு என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் வெறுங்காலோடு வரும் ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தாலும் செருப்பைக் கேட்கக் கூடாது. அழிப்பான் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே விதி. தாளின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் இட வேண்டாம், குறிப்பு எழுத வேண்டாம், சுவரிலும் ஒட்ட வேண்டாம். ஒரு பழைய சார்ட் தாளை மடித்துச் செய்த உறையில் பத்திரமாக வையுங்கள். ஆண்டு முழுவதும் நீங்கள் இடப்போகும் மதிப்பெண்களுக்கு இந்த உறைதான் சாட்சி.

அழிப்பானை ஏன் விலக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அழிக்க வழியிருந்தால் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை ஒரே கோட்டை ஏழு முறை போட்டு ஏழு முறையும் அழிக்கும். பாடவேளை முடியும்போது தாளில் அழுக்குத்தான் மிஞ்சும். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துக் காட்டிய விக்டர் லோவன்ஃபெல்டு, ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான காலத்தை, பிள்ளை தன் படம் உண்மைப் பொருளைப் போல இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கும் பருவமாகக் கண்டார். "எனக்கு வரையவே வராது சார்" என்ற சொல் முதலில் காதில் விழுவதும் இந்த வயதில்தான். அதற்கு முந்தைய பருவத்தில் தாளின் அடியில் தரைக்கோடு ஒன்றை இழுத்து, எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவது இயல்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படி வரைந்தால் அது பிழையன்று. அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது, பால்பல் விழவில்லை என்று குறைப்பதைப் போன்றது.

பார்க்கக் கற்பித்தல்

ஓவிய வகுப்பில் கையைவிடக் கண்ணுக்கே பயிற்சி அதிகம் தேவை. இதற்கு நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருள்கள் இரண்டு: ஒரு வளையல், ஒரு குடம்.

வளையலைக் கையில் பிடித்து, அதன் வட்டம் முழுவதும் பிள்ளைகளுக்குத் தெரியும்படி காட்டுங்கள். பிறகு மெல்லச் சாயுங்கள். வட்டம் நீள்வட்டமாகும், இன்னும் சாய்த்துக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வெறும் கோடாகும். "வளையல் மாறியதா, நாம் பார்த்த இடம் மாறியதா?" என்று ஒரு கேள்வி போதும். அதன்பின் குடத்தை ஒரு ஸ்டூலின்மேல் வைத்து, அரைவட்டமாகப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். முதல் முறை வரையும்போது பெரும்பாலோர் குடத்தின் வாயை வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். வாய் வட்டம் என்பது அவர்களுக்குத் தெரிந்த செய்தி. அடி நேர்கோடு என்பது குடம் ஆடாமல் நிற்பதால் அவர்கள் ஊகித்த செய்தி. இரண்டும் அவர்கள் கண்ணால் கண்டவை அல்ல. வளையலை எடுத்துக் குடத்தின் வாயருகே அதே சாய்வில் பிடித்துக் காட்டிவிட்டு, மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டு படங்களும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது படத்தைவிட, இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடே உங்களுக்குத் தேவையானது.

அடுத்த வாரம், தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து, பென்சிலைத் தூக்காமல், எறும்பு ஊரும் வேகத்தில் விளிம்பைத் தொடர்ந்து வரையும் பயிற்சி. படம் கோணலாக வரும், வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். நன்றாக வரையும் பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் ஒரே அளவு கோணலாக வருவதால், எனக்கு வராது என்ற பேச்சு அன்றைக்கு எழுவதில்லை. அதன்பிறகு ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் கறுப்பாக்கச் சொல்லலாம். நாற்காலியை யாரும் வரையவில்லை, ஆனால் நாற்காலி வந்துவிடும். முருங்கைக் கீரைக் கொத்து, உரித்த வாழைப்பழம், சைக்கிளின் பெடல் என்று எதை வைத்தும் இதைத் தொடரலாம். கரும்பலகையில் ஒரு படத்தை வரைந்து "இதைப் பார்த்து வரையுங்கள்" என்பதை மட்டும் இந்த ஒரு பருவத்துக்காவது நிறுத்திவையுங்கள்.

பார்த்து வரைவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் கோலம் அப்படித்தான் கைமாறுகிறது. அம்மா போட்டதைப் பார்த்து மகள் போடுகிறாள். புள்ளிக் கணக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு தன் கோலத்தைத் தானே போடுகிறாள். கோலத்தில் விதி இருக்கிறது. விதி பிடிபட்டால் மாற்றம் பிறக்கிறது. மலையும் சூரியனும் உள்ள படத்தில் பிடித்துக்கொள்ள விதி எதுவும் இல்லை. ஆகவே, ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, கோடு எந்தப் புள்ளியின்மேலும் படாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்று கேட்டு ஒரு சிக்குக்கோலம் போடச் சொல்லுங்கள். வகுப்பிலுள்ள சிறுவர்கள் முதலில் நெளிவார்கள். கணக்குப் புதிர் என்று தெரிந்ததும் விடமாட்டார்கள்.

வண்ணம்

வண்ணத்துக்கு நான் நீண்ட பாடம் வைப்பதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று போஸ்டர் கலர் புட்டிகளும் வெள்ளையும் வாங்கிக்கொண்டு, கூட்டுநிறங்களைப் பிள்ளைகளே கலந்து கண்டுபிடிக்கும்படி செய்தால் போதும். நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டி கொண்டுவரும் பிள்ளைக்குக் கலக்கத் தெரியாமல் போவதை அடிக்கடி பார்க்கலாம்.

வீட்டுப் பொருளிலேயே ஒரு பாடவேளை நடத்த முடியும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் தீற்றுங்கள். அதன்மேல் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கரைத்த நீரைத் தொட்டு வைத்தால் அந்த இடம் சிவக்கும். ஆரத்தி நீர் சிவப்பது இதனால்தான். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது என்பதால் அதை ஆசிரியரே கையாள வேண்டும். இந்தத் தாள்களில் ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் மற்றொன்றை நோட்டுக்குள்ளும் வைத்து, சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், மஞ்சளின் நிறம் ஒளியில் வெளிறுவதும் தெரிந்துவிடும். அறிவியல் ஆசிரியர் இதைத் தம் பாடம் என்று உரிமை கொண்டாடினால் கொடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இலையைப் பழுப்பாகவும் மரத்தண்டைப் பச்சையாகவும் தீட்டும் பையனைக் கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமை பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். பள்ளியில் இதை முதலில் கண்டுகொள்ளும் வாய்ப்பு ஓவிய ஆசிரியருக்கே இருக்கிறது. கிரேயான்களின் மேல் நிறப்பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள். பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். நிறத் தேர்வுக்கு அவனுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

பிறர் வரைந்ததைப் பார்த்தல்

மாதத்துக்கு ஒரு பாடவேளையை வரைவதற்கு அல்லாமல் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தின் படத்தைப் பெரிதாகக் காட்டி, மூன்று நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: "என்ன இருக்கிறது?", "அதை எதை வைத்துச் சொல்கிறாய்?" யானைகளை எல்லோரும் சொல்வார்கள். விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்பவரைச் சிலர் சொல்வார்கள். கீழே, அவரைப் போலவே கைகளைத் தூக்கி நிற்கும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். மூக்கைக் குளம்பால் சொறிந்துகொள்ளும் மானையும் தேடச் சொல்லுங்கள். மானைச் செதுக்கியவர் மானை உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் மேற்கூரையில் உள்ள தாமரைக் குளமும் நல்ல பொருள். குளத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது, மேலிருந்து பார்த்தால் தெரிவது என்று பிரிக்காமல், பூவும் மீனும் பறவையும் யானையும் பூப்பறிக்கும் மனிதரும் ஒரே பரப்பில் நிறைந்திருக்கும். தரைக்கோடு இல்லாமல் ஒரு படம் நிற்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கையருகே இல்லை. கோட்டின் வலிமையைக் காட்ட வேண்டுமானால், காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தியின் கறுப்புக் கோட்டோவியங்களில் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மனிதர், ஒவ்வொரு தாளிலும் வேறு கோடு. எது சரியான காந்தி என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை வகுப்பிடமே விட்டுவிடுங்கள்.

மதிப்பிடுதல்

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் தொடர் மதிப்பீட்டு முறை வந்தபோது, பருவத்தின் நடுவே அவ்வப்போது செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பிரிவு பாடங்களுக்கு வந்தது. ஓவியத்தின் இயல்புக்கு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினாலும் தகும். பருவ இறுதியில் ஒரு மணி நேரம் வரைவித்துப் பெறும் படம், அன்றைக்குக் கை எப்படி ஓடியது என்பதைக் காட்டும். பதினைந்து வாரம் என்ன நடந்தது என்பதைக் காட்டாது.

நான் பயன்படுத்தும் பங்கீடு பத்துக்கு இப்படி: பார்த்தலுக்கு 4, முயற்சிக்கும் மாற்றத்துக்கும் 3, பென்சிலையும் வண்ணத்தையும் கையாளும் விதத்துக்கு 2, தன் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு 1. பேசுவதற்கு ஒன்று மட்டும் வைப்பதற்குக் காரணம், வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை அதனால் தோற்கக் கூடாது. ஒன்றாவது வைப்பதற்குக் காரணம், பேசச் சொல்லாவிட்டால் தான் என்ன செய்தோம் என்பதை எந்தப் பிள்ளையும் யோசித்துப் பார்ப்பதில்லை. "அழகு" என்று ஒரு தலைப்பு இதில் இல்லை. ஆசிரியருக்கு அழகாகத் தோன்றுவதற்குத் தனி மதிப்பெண் வைத்தால், மூன்றே வாரத்தில் வகுப்பு முழுவதும் ஆசிரியரின் ரசனைக்கு வரையத் தொடங்கிவிடும்.

இந்தத் தலைப்புகளை அப்படியே பதிவேட்டில் எழுதிவைத்தால் பயனில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும், அந்தப் பயிற்சியின் சொற்களிலேயே, எது இருந்தால் எத்தனை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். குடப் பயிற்சியில் பார்த்தலுக்கு நான் எழுதிவைப்பது இவ்வாறு: வாய் வட்டமாகவும் அடி நேர்கோடாகவும் இருந்தால் 1; வாய் நீள்வட்டமாகி, அடி இன்னும் நேராகவே இருந்தால் 2; இரண்டும் வளைந்தால் 3; அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அகன்றிருப்பதையும் கண்டு வரைந்திருந்தால் 4. குடம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது, கீழே போகப்போக வட்டம் திறந்து தெரியும் என்பதே அந்த நான்காவது மதிப்பெண்ணின் பொருள். இதை வரையத் தொடங்குவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடலாமா என்றால், முதல் முறை வரையும்போது கூடாது, இரண்டாம் முறை கட்டாயம் எழுத வேண்டும். முதல் முறையே எழுதிவிட்டால் பிள்ளை குடத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்க்கும்.

முயற்சிக்கும் மாற்றத்துக்கும் மதிப்பெண் இட, முதல் படமும் கைவிட்ட படமும் உங்களிடம் இருக்க வேண்டும். எனவே தாளைக் கிழிக்கும் வழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொகுப்பேடு: பழைய நாட்காட்டி அட்டை இரண்டு, ஒரு நூல், அவ்வளவுதான் செலவு. எந்த ஆறு படங்கள் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பருவ முடிவில் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்; அவற்றில் ஒன்று, தான் தோற்றதாக நினைக்கும் படமாக இருக்க வேண்டும். எது தோற்றது, ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொன்னால், பல வேளைகளில் மற்ற ஐந்து படங்களைவிட அந்த இரண்டு வரிகள் அதிகம் சொல்லும்.

நாற்பத்தைந்து பேரிடம் பேச நேரமேது என்ற கேள்வி நியாயமானது. ஒரே வாரத்தில் எல்லோரையும் பார்க்க முயன்றால் யாரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒன்பது பேர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் வகுப்பு முடியும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். பதினெட்டு நிமிடம் போக மீதிப் பாடவேளை மற்றவர்களுக்கு. அந்த இரண்டு நிமிடத்தில் கேட்பதற்கு "எதை மாற்றினாய்?" என்பதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. "பானையை முதலில் நடுவில் போட்டேன் டீச்சர், அப்புறம் நிழலுக்கு இடம் இல்லை, அதனால தள்ளிப் போட்டேன்" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். தாளில் பொருளை எங்கே வைப்பது என்று நான் நடத்தத் திட்டமிட்டிருந்த பாடம் அந்த வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. மறுவாரம் அதை அவள் வாயாலேயே வகுப்புக்குச் சொல்ல வைத்தேன்.

படத்தின் மேல் சிவப்பு மையால் சரிக்குறி போடாதீர்கள், திருத்தியும் வரையாதீர்கள். கணக்கு நோட்டில் போடுவது வேறு; இங்கே அந்தத் தாளே பிள்ளையின் பொருள். குறிப்பைத் தாளின் பின்புறமோ தனிச் சீட்டிலோ எழுதுங்கள். "நன்று" என்பதும் "இன்னும் நன்றாக முயல்க" என்பதும் குறிப்புகள் அல்ல. "சைக்கிள் சக்கரம் இரண்டையும் ஒரே அளவில் போட்டிருக்கிறாய், நீ நின்ற இடத்திலிருந்து எது பெரிதாகத் தெரிந்தது?" என்பது குறிப்பு.

மதிப்பெண் இடும் நாளில் பெயர் பின்புறம் இருக்கும்படி படங்களை வராண்டாவில் பரப்பி, முதலில் எண் எதுவும் எழுதாமல் மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மறுநாள் அதே படங்களை மறுபடி பிரியுங்கள். இடம் மாறிய படங்களைத் தனியே எடுத்து, முடிந்தால் அடுத்த பள்ளி ஓவிய ஆசிரியரிடமோ, யாரும் கிடைக்காவிட்டால் ஓவியமே தெரியாத தமிழாசிரியரிடமோ, எழுதிவைத்த அளவுகோலோடு சேர்த்துக் காட்டுங்கள். அவருக்கும் உங்களுக்கும் இரண்டு மதிப்பெண் வேறுபட்டால், பெரும்பாலும் அளவுகோலின் சொற்கள்தான் தெளிவில்லாமல் இருக்கும். பெயர் தெரியாமல் பார்ப்பது சிறிய காரியமாகத் தோன்றும். பெயர் தெரிந்து பார்த்த ஆண்டுகளில், படிப்பில் முதலாக வரும் பிள்ளைகளின் படங்கள் எனக்கு எப்போதும் கொஞ்சம் நன்றாகவே தெரிந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் வரைந்து வரச் சொல்லி மதிப்பெண் இடக் கூடாது. அது அக்காவின் படமாக இருக்கும், அல்லது கடையில் எடுத்த அச்சாக இருக்கும். தாளின் தரம், வண்ணப் பெட்டியின் விலை, சுற்றிலும் போட்ட ஸ்கெட்ச் பேனா பார்டர் ஆகியவையும் மதிப்பெண்ணில் சேரக் கூடாது.

போட்டிகளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா, கிராமத்துப் பிள்ளைகளின் திறமையை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் போட்டி, முதலிடத்தில் வருபவரைத் தேடுவது. மதிப்பீடு, ஒவ்வொருவரும் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நகர்ந்த தூரத்தைப் பார்ப்பது. பூமிப் பந்தை இரண்டு கைகள் தாங்கும் சுவரொட்டிக்குப் பரிசு வாங்கிய பிள்ளைக்கு அதற்காக வகுப்பில் கூடுதல் மதிப்பெண் இல்லை என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. கணக்கு ஆசிரியர் உங்கள் பாடவேளையைக் கடன் கேட்கும்போதும் பதிவேடுதான் உதவும். இந்த வாரம் பார்க்க வேண்டிய ஒன்பது பெயர்களைக் காட்டினால், பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். எல்லோரும் அல்ல.

ஆண்டின் கடைசிப் பாடவேளைக்கு முந்தைய வாரம், அதே புத்தகப்பையை அதே மேசைமேல் வைத்து, அதே இருபது நிமிடம், அழிப்பான் இல்லாமல் மறுபடி வரையச் சொல்லுங்கள். முடித்த பிறகு முதல் வாரத்து உறையைப் பிரித்து, பழைய படத்தை அவரவரிடம் கொடுங்கள். சிரிப்பும் கூச்சலும் அடங்கக் கொஞ்ச நேரமாகும். அடங்கியதும், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்போது பார்க்காமல் இப்போது பார்த்தது என்ன என்று புதிய தாளின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் செய்து, அடுத்த ஆண்டு அந்த வகுப்பை எடுக்கப்போகும் ஆசிரியரிடம், மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.